நான்கு நொடியில் அணைந்த கணினி

பொத்தானை அழுத்தினால் மேசைக் கணினியின் விசிறிகள் சுழலும்; 4 நொடியில் எல்லாம் அடங்கிவிடும். கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையைத் தனியே கழற்றி, அதை மட்டும் இயக்கிப் பார்க்க 24 முனை இணைப்பில் பச்சைக் கம்பியைக் கறுப்புடன் இணைத்தபோது அது சீராக ஓடியும், சந்தேகம் தீராமல் வேறொன்றை மாட்டினேன். ராம் (RAM) நினைவகத்தைத் துடைத்தேன், மதர்போர்டு என்ற முதன்மைச் சுற்றுப்பலகையில் இருக்கும் சிறு பேட்டரியை மாற்றினேன். மூன்று நாட்கள் வீணாயின.

ஒவ்வொரு முறையும் அதே 4 நொடி என்பது பிறகுதான் உறைத்தது: பவர் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் கணினி தன்னை அணைத்துக்கொள்ளும் நேரம் அது. முகப்பிலிருந்து வரும் பவர் ஸ்விட்ச் கம்பியை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு, பொத்தானை அழுத்துவதற்குப் பதிலாக, அந்தக் கம்பி மாட்டியிருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் இணைத்தேன். கணினி அணையாமல் ஓடியது. தூசியில் சிக்கிய பொத்தான், விரலை எடுத்த பின்னும் அழுந்தியே இருந்திருக்கிறது. இப்போது ரீசெட் பொத்தானின் கம்பியை அந்த ஊசிகளில் மாட்டியிருக்கிறேன்.