இன்னொரு இண்டெக்ஸ் போடும் முன்

குவெரி (தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் கட்டளை) மெதுவாக ஓடுகிறதா, ஒரு இண்டெக்ஸ் (வரிகளை விரைவாகத் தேடிப் பிடிக்க உதவும் பட்டியல்) போடு என்பது எங்கள் தரவுத்தளத் தொழிலில் வாய்வழியாகவே வளர்ந்த நம்பிக்கை. கும்பகோணம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் நெல் கொள்முதல் அட்டவணையில் ஏறக்குறைய எல்லாப் பத்திக்கும் இண்டெக்ஸ் இருந்தது. குறுவை அறுவடையில் எடைமேடை முன்பு லாரிகள் வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொரு எடை பதிவாகும்போதும் அத்தனை இண்டெக்ஸும் கூடவே எழுதப்பட வேண்டும். ரசீது தாமதமாகாமல் என்ன செய்யும்?

முதலில் குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளெயின் (EXPLAIN) சேர்த்து ஓட்டிப் பாருங்கள்; தரவுத்தளம் அந்தக் குவெரியை எப்படி ஓட்டப்போகிறது என்று காட்டும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ் என்ற இரண்டு தரவுத்தள மென்பொருள்களிலும் உண்டு. பல நேரங்களில் கோளாறு குவெரியின் நிபந்தனையில்தான் இருக்கும். தேதியிலிருந்து வருடத்தையும் மாதத்தையும் பிரித்தெடுத்து 2024, 10 என்று ஒப்பிட்டால் தேதிப் பத்தியின் சாதாரண இண்டெக்ஸால் அந்த வரிகளைத் தேடிப் பிடிக்க முடியாது. 2024 அக்டோபர் 1 முதல் நவம்பர் 1-க்கு முன்புவரை என்று எழுதுங்கள். அதே இண்டெக்ஸ் கைகொடுக்கும். சின்ன அட்டவணை முழுவதுமாகப் படிக்கப்பட்டால் பதற வேண்டாம், அதுவே வேகம்.

போஸ்ட்கிரஸில் எக்ஸ்பிளெயினோடு அனலைஸும் சேர்த்தால் குவெரி நிஜமாகவே ஓடும். வரிகளை அழிக்கும் டெலீட் கட்டளையில் அதைச் சோதித்துவிடாதீர்கள்!

பயன்படாத இண்டெக்ஸை நீக்க அவசரமும் வேண்டாம். குறுவை, சம்பா, தாளடி மூன்றும் முடியட்டும். ஆண்டுக்கணக்கு அறிக்கைக்கு மட்டும் தேவைப்படுகிற இண்டெக்ஸ் ஒன்று நிச்சயம் ஒளிந்திருக்கும்.