நெட்வொர்க் கார்டு ஃபர்ம்வேர்: யூஇஎஃப்ஐ ஷெல்லிலேயே முடிக்கலாம்

நெட்வொர்க் கார்டின் ஃபர்ம்வேரை (கார்டுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளை) மாற்ற ஓஎஸ் நிறுவ வேண்டியதில்லை. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் கார்டு தயாரிப்பாளர் தரும் இஎஃப்ஐ கருவியையும் ஃபர்ம்வேர் கோப்பையும் போட்டு, யூஇஎஃப்ஐ ஷெல்லில், அதாவது ஓஎஸ் தொடங்கும் முன்பே இயங்கும் கட்டளைத் திரையில், நுழையுங்கள். ‘மேப் -ஆர்’ கட்டளை டிரைவ்களைக் காட்டும். ‘எஃப்எஸ்0:’ என அடித்தால் வருவது பென்டிரைவாக இருக்கலாம். இல்லையென்றால் எஃப்எஸ்1 போன்ற அடுத்தவற்றைப் பாருங்கள். ‘எல்எஸ்’ போட்டுக் கோப்புகள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு கருவியை ஓட்டுங்கள்.

அந்த நேரத்தில் ஓஎஸ்ஸோ அதன் டிரைவரோ கார்டைப் பிடித்துக்கொண்டிருக்காது என்பதால் குறுக்கீடு இல்லை. முடிந்ததும் வெறும் ரீஸ்டார்ட் போதாமல் போகலாம். வேக்-ஆன்-லேனுக்காக (நெட்வொர்க் வழியே கணினியை எழுப்பும் வசதி) கார்டுக்கு ஸ்டாண்ட்பை மின்சாரம் போய்க்கொண்டே இருக்கலாம், அதனால் அது முழுதாக அணையாது. பவர் கேபிளையே பிடுங்கி, சிறிது நேரம் விட்டுச் செருகுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இருந்தால் ஷெல் பெரும்பாலும் திறக்காது, தற்காலிகமாக அணைக்க வேண்டும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) உள்ள கணினி என்றால் அது பிறகு ரெக்கவரி கீயைக் கேட்கலாம், முதலிலேயே எடுத்து வையுங்கள். சர்வர் நிறுவனத்தின் பெயரில் வந்த கார்டுக்குப் பொதுவான ஃபர்ம்வேர் சரிப்படாது, அந்த நிறுவனம் தருவதையே போடுங்கள். யூஇஎஃப்ஐ இல்லாத பழைய பயாஸ் கணினியில் இந்த வழி கிடையாது.