கூடாரத்துக்குக் கொண்டுபோகும் சோலார் பேனல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மடக்கு சோலார் பேனல் வாங்குவோர் பலர், அதன்மேல் அச்சிட்ட வாட் அளவு அப்படியே கிடைக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். 100 வாட் என்பது, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழ, செல்லின் (பேனலில் ஒளியை மின்சாரமாக்கும் சிறு தகடு) வெப்பநிலை 25 டிகிரியில் நிற்கும் சோதனைச் சூழலில் அளந்த எண். வெயிலில் செல்கள் 60 டிகிரியைத் தொடக்கூடும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை திறன் குறையும். மற்ற இழப்புகளையும் கழித்து 70 வாட் கிடைத்தால் அதுவே நல்ல அளவு. அப்படியானால், நாளுக்கு ஐந்து மணி நேரம் நல்ல வெயில் அடித்தாலும், 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி முழுதாக நிரம்ப ஏறக்குறைய நான்கு நாளாகும்.

வெப்பத்தைவிட நிழல் கொடியது. செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், குறைந்த மின்னோட்டம் தரும் செல்லே மற்றவற்றையும் கட்டிப்போடுகிறது. கொடைக்கானல் போன்ற இடங்களில் மரத்தடியில் கூடாரம் போட்டு அருகிலேயே பேனலை விரித்தால், ஒரு கிளையின் நிழல் ஓரிரு செல்களை மறைத்தாலே உற்பத்தி பாதியாகிவிடலாம். கூடாரம் நிழலில் இருக்கட்டும். பேனல் வெட்டவெளிக்குப் போகட்டும். அதற்கு நீண்ட கம்பி வேண்டும், ஆனால் மெல்லிய கம்பி ஆகாது. 10 மீட்டர் தொலைவுக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால், ஐந்தரை ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 2.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அந்த இழப்பு அரை வோல்ட்தான்.

பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் இல்லாமல் பேனலை நேரடியாகப் பேட்டரியில் இணைப்பதை எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாது. 12 வோல்ட் பேட்டரிக்கான பேனல்கூட, சுமையின்றி இருக்கும்போது 20 வோல்ட்டுக்கு மேல் காட்டும். நிரம்பிய பிறகும் மின்னோட்டம் நிற்காததால் ஈய-அமில பேட்டரியில் நீர் வற்றித் தட்டுகள் கெடும். கன்ட்ரோலரில் பேட்டரியின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, முதலில் பேட்டரியையும் அதன்பின் பேனலையும் இணைக்க வேண்டும். கழற்றும்போது பேனல்தான் முதலில்.

மேகம் கடக்கும்போது சார்ஜ் விட்டுவிட்டு ஏறுவதால், பேனலில் நேரடியாகக் கைபேசியைச் செருகுவதைவிட, பகலில் பவர் பேங்கை நிரப்பி இரவில் அதிலிருந்து கைபேசிக்கு ஏற்றுவதே நல்லது. அந்தப் பவர் பேங்கையும் வெயிலில் விடாமல் பேனலின் அடி நிழலில் வையுங்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்தால் லித்தியம் செல்களின் ஆயுள் குறையும். கடுங்குளிரும் ஆகாது: ஊட்டியில் உறைபனி இறங்கும் மாதங்களில், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இருந்தால், அது சற்றுச் சூடேறும்வரை பேனலை இணைக்காதீர்கள்.