சீன ஓவியர்களைக் கொண்டாடலாம், படத்தைத் தூக்காமல்

தனக்குப் பிடித்த கதாபாத்திரங்களையும் நடிகர்களையும் வரையும் சீன ரசிக ஓவியர் ஒருவரின் படம் கண்ணில் படுகிறது, பிடித்துப்போகிறது, நாலு பேருக்குக் காட்ட வேண்டும் போலிருக்கிறது. உடனே படத்தைச் சேமித்து, நம் பக்கத்தில் ஏற்றி, கீழே 'படம்: இணையம்' என்று போட்டுவிடுகிறோம். இணையமா வரைந்தது? நானும் இதைச் செய்தவன்தான். சில வருடங்களுக்கு முன்பு அப்படி ஏற்றிய ஒரு படத்துக்கு லைக் குவிந்து நான் பூரித்துக்கொண்டிருந்தபோது வரைந்தவரே வந்துவிட்டார். இதை எடுத்துவிட முடியுமா என்று ரொம்பப் பணிவாகக் கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சரி, முதல் வேலை, வரைந்தவர் யார் என்று கண்டுபிடிப்பது. கூகுள் லென்ஸில் தேடலாம். அனிமே, கேம் பாணிப் படங்களுக்கு சாஸ்நாவ் என்ற தளம் இன்னும் உதவும். பலரும் ஏமாறுவது சீனச் சமூக ஊடகமான வெய்போவின் முத்திரையில்தான். அங்கே யார் படத்தை ஏற்றினாலும், அந்த வசதியை அணைத்து வைக்காத வரை, ஏற்றியவரின் பெயர் தானாகப் படத்தில் விழுந்துவிடும். அவரும் நம்மைப் போல எங்கிருந்தோ தூக்கியவராக இருக்கலாம். அதனால் மூலையில் இருக்கும் பெயரை நம்பாமல், தலைமுடிக்குள்ளோ உடை மடிப்பிலோ சின்னதாக ஒளிந்திருக்கும் கையெழுத்தைத் தேடுங்கள். அதே கை வரைந்த வேறு படங்களும், பென்சில் கிறுக்கலாக இருந்த ஆரம்ப நிலைகளும் ஒரு கணக்கில் இருந்தால் அநேகமாக அதுதான் அவர் வீடு.

வீட்டைக் கண்டுபிடித்ததும் வாசலில், அதாவது கணக்கின் அறிமுகத்தில், எழுதியிருப்பதைப் படியுங்கள், மொழிபெயர்ப்புச் செயலியை வைத்தாவது. 'எர்ச்சுவான்' கூடாது, 'எர்காய்' கூடாது என்று பலர் எழுதியிருப்பார்கள். முதலாவது, இன்னொருவர் எடுத்து மறுபடி ஏற்றுவது. இரண்டாவது, படத்தை வெட்டுவது, நிறம் மாற்றுவது, மேலே வாசகம் போடுவது எல்லாம். ஏஐ வடிகட்டியில் போட்டு அசைய வைப்பதையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ரசிக ஓவியர்கள் அதிகம் புழங்கிய லாஃப்டர் தளம் 2023இல் ஏஐ வைத்துப் படம் உருவாக்கும் வசதியைச் சோதித்தபோது, எங்கள் படங்களைத் தின்னக் கொடுக்கிறீர்களா என்று கொதித்துப் பலர் கணக்கையே காலி செய்தார்கள்.

ஏன் இவ்வளவு கறார்? தன் நிலத்துக்கு வேலி போட்டு, உள்ளேயே மகிழ்ந்துகொள்வது என்ற பொருளில் அங்கே ரசிகர்களிடம் ஒரு சொல்வழக்கு உண்டு. 2020 பிப்ரவரியில் ஒரு நடிகரை வைத்து யாரோ எழுதிய கதையால் அவருடைய ரசிகர்கள் சிலர் கொதித்துப்போய்ப் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகப் படைப்புத் தளமே சீனாவில் முடங்கிப்போனது. வேலியைத் தாண்டிப் போன படம் யார் கண்ணில் பட்டு என்ன ஆகுமோ என்ற பயம் அவர்களுக்கு நிஜமான பயம். ஆகவே ஒரு நடிகரை வரைந்த படத்தைப் பகிரும்போது அந்த நடிகரை டேக் செய்யவே செய்யாதீர்கள். ஓவியரின் உண்மைப் பெயரும் ஊரும் உங்களுக்குத் தெரிந்தாலும் வாயைத் திறக்க வேண்டாம்.

அனுமதி கேட்கும் செய்தி சின்னதாக இருக்கட்டும்: எந்தப் படம், எந்தத் தளத்தில், உங்கள் பெயரோடும் சுட்டியோடும் போடுவேன், விற்க மாட்டேன், வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன். எளிய வாக்கியங்களாக எழுதினால் மொழிபெயர்ப்பு சொதப்பாது. பதில் வராவிட்டால் அது சம்மதம் இல்லை. அனுமதி கிடைத்தால் பெயரை அவர் எழுதும் சீன எழுத்துகளிலேயே போடுங்கள். நாம் தமிழில் எழுதும் உச்சரிப்பை வைத்து யாரும் அவரைத் தேடிப் பிடிக்க முடியாது.

அனுமதி கிடைக்காவிட்டாலும் கொண்டாட்டம் நிற்காது. அங்கே ரசிகப் படைப்புகளை உருவாக்குவதைத் தானியம் விளைவிப்பது என்பார்கள், ரசிப்பது தானியம் உண்பது. களத்துமேட்டில் இருக்கும் நெல்லை அள்ளிவந்து நம் வீட்டு முற்றத்தில் கொட்டுவதற்குப் பதிலாக, ஆட்களைக் களத்துக்கு அனுப்புங்கள். சுட்டியைக் கொடுத்து, அந்தப் படத்தில் உங்களை நிறுத்தியது எது என்று பத்து வரி எழுதுங்கள். மனதார இப்படிப் பரிந்துரைப்பதற்கு அங்கே 'ஆன்லி' என்று பெயர், ஆம்வே நிறுவனத்தின் சீனப் பெயரிலிருந்து வந்த சொல் (விற்பனைத் தொல்லையைக்கூடச் செல்லமாக்கிவிட்டார்கள்). பிடித்த ஓவியரை அவர்கள் அழைப்பது 'தாய்தாய்'. சீனத்தில் அதற்கு அம்மையார் மாதிரிப் பொருள், நம் தாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிலிபிலி என்ற சீன வீடியோ தளத்தில் வீடியோ போடுபவர் என்றால் லைக் பொத்தானை அழுத்திப் பிடித்தால் லைக், நாணயம் (அந்தத் தளத்துக்குள் பாராட்டாகக் கொடுப்பது), சேமிப்பு மூன்றும் ஒன்றாகப் போகும். அங்கே சொந்தப் படைப்புக்கு 2 நாணயம் வரை போடலாம், மறுபதிவுக்கு 1தான். எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

அருங்காட்சியகங்களில் இடம்பெறும் சமகாலக் கலைஞர்களுக்கு வேலி வேறு மாதிரி. கலைஞர், படைப்பு, ஆண்டு, ஊடகம், புகைப்படம் எடுத்தவர் என்று அருங்காட்சியகப் பக்கத்தில் இருக்கும் வரியை அப்படியே எடுத்துப் போடுங்கள். பெயரில் குடும்பப்பெயர்தான் முன்னால் வரும், மாற்றிவிடாதீர்கள். யாரிடம் தொடங்குவது என்று கேட்டால், ரசிக உலகத்திலிருந்து வருபவர்களுக்கு நான் சொல்வது 1978இல் குவாங்சோவில் பிறந்த சாவோ ஃபெய். 2004இல் அவர் எடுத்த காணொளியில் அனிமே பாத்திரங்களாக வேடமிட்ட இளைஞர்கள் நகரத்தில் வாளோடு சண்டையிட்டுத் திரிகிறார்கள், அப்புறம் அதே வேடத்தோடு வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். சீனம் தெரியாதே என்று தயங்குபவர்களுக்கு சூ பிங்: சுமார் 4000 எழுத்துகளைத் தானே உருவாக்கி, மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டார். ஒன்றைக்கூட யாராலும் படிக்க முடியாது, சீனர்களாலும்.

கூட்டமாகக் கொண்டாட ஆசையா? 24 மணி நேரத் தொடர் வைக்கலாம்; பிறந்தநாள்களுக்குச் சீன ரசிகர்கள் செய்வதுதான். மணிக்கு ஒருவர், ஆளுக்கு ஒரு ஓவியரைப் பற்றி எழுதிச் சுட்டி கொடுப்பது. 24 பேர் இல்லையென்றால் 12 பேர் போதும். இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், 2020 ஜூனில் தடையான 59 செயலிகளில் வெய்போவும் வீசாட்டும் இருந்தன. அதனால் ஓவியருக்கு இன்ஸ்டாகிராமிலோ பிக்ஸிவ் என்ற ஜப்பானிய ஓவியத் தளத்திலோ கணக்கு இருந்தால் அந்தச் சுட்டியைக் கொடுங்கள், ஆனால் அது அவருடையதுதான் என்று அவருடைய சீனக் கணக்கில் சொல்லியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு. போலிகள் ஏராளம். விடியற்காலை மூன்று மணி, நான்கு மணி இடங்களை யாரும் எடுக்க மாட்டார்கள், அதைச் சிங்கப்பூர், மலேசிய நண்பர்கள் தலையில் கட்டிவிடுங்கள்.