வாடகை வீட்டில் பூந்தோட்டம்: மண்ணுக்குச் செலவு, தொட்டிக்குச் சிக்கனம்

நான் மதுரையில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருக்கும் தையற்காரி. வீட்டுக்கார அம்மா போட்ட நிபந்தனைகள் இரண்டுதான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, தளத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. அதனால் இங்கே நான் சொல்வது எல்லாமே தூக்கிக்கொண்டு போகக்கூடிய தோட்டத்துக்கான யோசனைகள். நாளைக்கே காலி செய்யச் சொன்னாலும் ஒரு குட்டியானை வண்டியில் அத்தனையும் ஏறிவிட வேண்டும். சொந்த வீட்டுக்காரர்களும் படிக்கலாம், செலவு மிச்சமாகும்.

தோட்டம் போட 1000 ரூபாய் ஒதுக்கினால் 700 ரூபாயை மண்ணுக்குக் கொடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வண்ண வண்ணத் தொட்டிகளை வாங்கி அடுக்கிவிட்டு, உள்ளே கட்டட வேலையில் மிஞ்சிய மண்ணைப் போட்டால் எந்தச் செடி பிழைக்கும்? செம்மண் இரண்டு பங்கு, கோகோபீட் (தேங்காய்நார்த் தூள்) ஒரு பங்கு, நன்றாக மக்கிய ஆட்டு எரு ஒரு பங்கு. இந்தக் கலவையில் ஒரு வாளிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேருங்கள். கோகோபீட் கட்டியை ஊறவைத்த தண்ணீரை அப்படியே விடாமல் இரண்டு முறை வடித்துக் கொட்டிவிட வேண்டும், அதில் உப்பு இருக்கும். எருவைக் கையில் எடுத்தால் நாற்றமோ சூடோ இருக்கக் கூடாது. பச்சை எரு வேரைப் பொசுக்கிவிடும். ஊருக்கு வெளியே வயலில் ஆட்டுக்கிடை போடுகிறவர்களிடம் கேட்டால் கடை விலையைவிட மலிவாகவே கிடைக்கும். எல்லாவற்றையும் கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, நிழலில் சாக்குப் போட்டு மூடி இரண்டு வாரம் விட்டுவிடுங்கள்.

தொட்டிக்குப் பழைய இரும்புக் கடைதான் சரியான இடம். 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று ஒரு மல்லிச் செடிக்குப் போதும். அடியில் நாலைந்து ஓட்டை, அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே பக்கவாட்டில் இரண்டு ஓட்டை. அடி ஓட்டை அடைத்துக்கொண்டாலும் பக்கத்து ஓட்டை காப்பாற்றும். வாளியை நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தண்ணீர் வடியும், தளம் காயும், வீட்டுக்கார அம்மாவும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஈர மண் நிறைந்த வாளி 25 கிலோவுக்குக் குறையாது. அதனால் கனமானவற்றைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக வரிசையாக வைப்பது நல்லது.

அரிசிச் சாக்கிலும் வளர்க்கலாம். 25 கிலோ சாக்கைப் பாதியாக உள்பக்கம் மடித்து, அடி மூலைகள் இரண்டையும் முக்கோணமாகத் தைத்துவிட்டால் சாயாமல் நிற்கும். வெயில் பட்டால் ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது, நாராக உதிரும். கேந்தி, கோழிக்கொண்டை மாதிரி சீசன் முடிந்ததும் பிடுங்கிப்போடும் செடிகளுக்கு அது போதும்.

என்ன வைப்பது என்பதை ஆசை முடிவு செய்யக் கூடாது, வெயில் முடிவு செய்ய வேண்டும். ஒரு நாள் தளத்தில் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். ஆறு மணி நேர வெயில் விழும் இடம் மல்லி, செம்பருத்தி, ரோஜா, கேந்தி, காகிதப்பூவுக்கு. காலை வெயில் மட்டும் வரும் இடத்தில் கனகாம்பரமும் இட்லிப்பூவும் சந்தோஷமாக இருக்கும். சாமந்திக்கு இன்னொரு விஷயம் உண்டு. அது இரவு நீளமான மாதங்களில்தான் மொட்டு வைக்கும். தெருவிளக்கு வெளிச்சம் ராத்திரி முழுக்க அதன் மேல் விழுந்தால் பகல் என்று நினைத்து இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். செடிக்குச் சத்து போதவில்லை என்று உரத்தைக் கொட்டுவதற்கு முன்னால் இரவில் ஒரு முறை மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

மதுரையில் இருந்துகொண்டு மல்லியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேசாமல் முடியாது. மதுரை மல்லிக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் அதன் நாற்று பெரும்பாலும் ராமநாதபுரம் மாவட்டத் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்துதான் வருகிறது. வாங்கும்போது உயரமான கன்றைத் தேடாதீர்கள், அடியிலிருந்து மூன்று நான்கு கிளை பிரிந்த குட்டையான கன்று மேல். வெயில் முழுதாக வேண்டும், நிழலில் வைத்தால் கொடியாக ஓடி இலையைத்தான் காட்டும்.

மல்லியின் ரகசியம் கத்தரியில் இருக்கிறது. நவம்பர் கடைசி வாரத்தில் செடியை முழங்கால் உயரத்துக்கு, அதாவது ஒன்றரை அடிக்கு, ஒட்ட வெட்டிவிடுங்கள். பத்து நாள் முன்பே தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் மழை பெய்துகொண்டிருந்தால் வாளியை மழை படாத இடத்தில் ஒதுக்கி வைத்தால் போதும். காய்ந்த குச்சி, உள்பக்கம் குறுக்கே ஓடும் கிளை, மிஞ்சிய இலை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பார்க்க மொட்டையாக, பாவமாகத்தான் இருக்கும். மனசு கேட்காமல் பாதி வெட்டி விட்டுவிடுகிறவர்கள்தான் ஏப்ரலில் வந்து “ஏன்க்கா பூக்கவே இல்லை?” என்று கேட்பார்கள். வெட்டிய பிறகு மேல் மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கலவையை நிரப்புங்கள். புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வரும். மாசி, பங்குனியில் ஆரம்பித்தால் ஐப்பசி வரை பூக்கும். ஜூன், ஜூலையில் இன்னொரு தடவை எரு கொடுங்கள். பிச்சிக்கு டிசம்பர் கடைசியில், முல்லைக்கு ஜனவரி கடைசியில் வெட்டு.

போர்த் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் மல்லி இலை மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாக இருந்து நடுப்பகுதி வெளுத்தால் அது இரும்புச் சத்துக் குறை. தண்ணீரின் சுண்ணாம்பு இரும்பைச் செடி எடுத்துக்கொள்ள விடாது. உரக்கடையில் அன்னபேதி உப்பு, அதாவது ஃபெரஸ் சல்பேட், கேளுங்கள். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சாயங்காலம் இலையில் தெளியுங்கள், மாதம் ஒரு முறை, பச்சை திரும்பும் வரை. தளத்திலும் துணியிலும் பட்டால் துருக்கறை போகாது, கீழே பழைய துணி விரித்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம்.

மொட்டு ஊதா நிறமாகி, சின்ன ஓட்டையோடு தெரிந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைக் கிள்ளி நசுக்கிப் போடுங்கள், செடிக்கடியில் போடக் கூடாது. செம்பருத்தி நுனியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். எண்ணெயைச் சோப்புக் கரைசலில் நன்றாக அடித்துக் கலந்த பிறகுதான் தண்ணீரில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், இலை கருகும். வெயில் இறங்கிய பிறகு தெளிப்பதே நல்லது.

மற்ற பூக்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. பொங்கலுக்குக் கேந்தி வேண்டுமென்றால் ஐப்பசியில் விதையுங்கள். பூமாலையில் வந்த பூவின் விதை கொஞ்சம் முளைக்கும், நிறைய முளைக்காது. செடியிலேயே காய்ந்த பூவின் விதையை நம்பலாம். ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை பிரியும். சங்குப்பூ விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து ஊன்றினால் போதும். காகிதப்பூவுக்குத் தண்ணீர் கொடுத்துக் கெடுக்காதீர்கள், இலை லேசாகத் துவண்ட பிறகு ஊற்றினால்தான் நிறம் காட்டும். அரளி அழகுதான், ஆனால் கைக்குழந்தை தவழும் வீட்டில் வேண்டாம், அதன் எல்லாப் பாகமும் விஷம்.

சரி, அலங்காரம். பெயிண்ட் வாளி வரிசை பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பது உண்மைதான். பழைய சணல் சாக்கை வாளியைச் சுற்றி வைத்துத் தேங்காய்நார்க் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். அழகுக்கு மட்டும் இல்லை, கறுப்பு வாளி மதுரை வெயிலில் வேரை வேகவைத்துவிடும், சாக்கு அந்தச் சூட்டைத் தடுக்கும். மண்பானைத் தொட்டிகள் இருந்தால் கோயில் மதில் மாதிரி வெள்ளையும் காவியும் பட்டை அடிக்கலாம். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோற்றுக் கஞ்சி சேர்த்து முதலில் முழுக்க வெள்ளை, காய்ந்ததும் காவிப் பட்டை. ஐந்தாறு தொட்டிக்குச் செலவு ஒரு சினிமா டிக்கெட்டைத் தாண்டாது. மண்பாண்டத்துக்குப் பேர்போன மானாமதுரைப் பக்கம் போனால் வாய் லேசாக உடைந்த தொட்டிகளைப் பேரம் பேசி எடுங்கள். உடைந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, அந்த வழியே டேபிள் ரோஸைத் தொங்கவிட்டால் யாருக்கும் தெரியாது.

கொட்டாங்குச்சித் தொங்கும் தோட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கண் இருக்கும் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மெத்தென்று இருக்கும், ஆணியால் குத்தினால் அதுவே வடிகால். விளிம்பில் மூன்று துளை போட்டுக் கயிறு கோர்த்து, டேபிள் ரோஸ் குச்சியைக் கிள்ளி ஊன்றினால் சில நாளில் வேர் பிடிக்கும். இவ்வளவு சின்னக் கிண்ணத்தில் மண் சீக்கிரம் காயும், அதைத் தாங்கக்கூடிய செடி இது. தண்ணீர் அதிகம் கேட்கும் செடி வைத்தால் காலையிலும் மாலையிலும் தண்ணீரோடு நிற்க வேண்டியதுதான்.

ஆணி அடிக்காமல் பந்தல் போட, மண் நிறைந்த இரண்டு வாளியில் ஆளுயரச் சவுக்குக் கம்பை நட்டு, மேலே குறுக்காக ஒரு கம்பு கட்டி, நடுவில் கயிறுகளை வலை மாதிரி பின்னுங்கள். சங்குப்பூவை ஏற்றிவிட்டால் பக்கத்து வீட்டு ஏசிப் பெட்டியும் தண்ணீர்த் தொட்டியும் மறைந்துவிடும். கொடியைக் கட்டப் பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், தண்டை அறுக்கும். தெரிந்த டெய்லர் கடையில் பனியன் துணி வெட்டு கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். எங்களுக்கு அதைத் தூக்கிப்போடுவதே வேலை. அக்னி நட்சத்திரத்தில் இதே கம்புகளுக்கு மேல் பழைய நூல் சேலையைக் கட்டினால் நிழலும் ஆச்சு, நிறமும் ஆச்சு.

இடமும் வெயிலும் இருந்தால் அகலமான டப் ஒன்றில் அல்லி வையுங்கள். அடியில் குளத்துக் களிமண், மேலே ஒரு அங்குலம் மணல், பிறகு தண்ணீர். எரு போட்டால் மிதந்து பாசி பிடிக்கும். கொசு முட்டையிடாமல் இருக்க நாலைந்து கப்பி மீன் விட்டே ஆக வேண்டும், டெங்கு சீசனில் மாநகராட்சிப் பணியாளர்கள் மாடி ஏறி வந்து பார்ப்பார்கள். தெருவில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். தண்ணீர் நிரப்பி நாலு செம்பருத்தியை மிதக்கவிட்டால் அழகு அள்ளும், ஆனால் அதை மூன்றாவது மாடிக்கு ஏற்றிய ஆள் இறக்க வர மாட்டார்.

அப்புறம் வீடு மாறும் நாள். முந்தின நாளே தண்ணீரை நிறுத்துங்கள், வாளி எடை குறையும், வண்டியிலும் சேறு ஆகாது. நீண்ட கிளைகளைத் துணியால் சேர்த்துக் கட்டி, உயரமான செடிகளை ஓட்டுநர் பக்கம் சாய்த்து அடுக்கி, மேலே சேலையால் மூடுங்கள். வெயிலைவிட ஓடும் வண்டியில் அடிக்கும் காற்றுதான் இலையைக் கருக்கும். இறக்கியதும் முதல் வேலையாகத் தண்ணீர். நாலைந்து நாள் நிழலில் வைத்துவிட்டுப் புது மாடியில் சாக்பீஸ் கோடு போட்டு வெயில் பாருங்கள். இரண்டு வாரம் வரை உரம் வேண்டாம்.