ஏழு முனைப் பின்யாட்டா: வீட்டிலேயே செய்வது எப்படி

மெக்சிகோ சிட்டியில் எங்கள் தெருவில் டிசம்பர் 16 முதல் 24 வரை தினமும் இரவில் ஏதாவது ஒரு வீட்டில் போசாதா என்னும் கிறிஸ்துமஸ் கால விழா நடக்கும். மரியாளும் சூசையப்பரும் தங்க இடம் தேடி அலைந்ததை நினைத்துப் பாடிக்கொண்டே வருவார்கள். கதவு திறக்கும், பழங்கள் போட்டுக் காய்ச்சிய சூடான போஞ்சே வரும், கடைசியில் பின்யாட்டாவை, அதாவது பழமும் மிட்டாயும் நிரப்பிக் கயிற்றில் தொங்கவிட்ட கூட்டை, கோலால் அடித்து உடைப்பார்கள். எங்கள் தெருவுக்குப் பின்யாட்டா செய்துகொடுப்பது என் வேலை. கடையில் கார்ட்டூன் பொம்மை வடிவிலும் விற்கிறார்கள். பிறந்தநாளுக்கு அது போதும். போசாதாவுக்கு ஏழு முனை நட்சத்திரம்தான் பொருத்தம்.

பழங்காலப் பிரமிடுகள் இருக்கும் தியோத்திவாக்கானுக்குப் பக்கத்தில் இருக்கும் அகோல்மன் ஊரில் அகுஸ்தீன் சபைத் துறவிகளின் பழைய மடம் ஒன்று இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்திய ஒன்பது நாளும் சிறப்புத் திருப்பலி நடத்த, அங்கிருந்த துறவி தியேகோ தே சோரியா 1580களில் போப்பாண்டவரிடம் அனுமதி வாங்கினார். மெஷிகா (அஸ்டெக்) மக்கள் தங்கள் தெய்வத்துக்கு விழா எடுத்துவந்த பருவமும் அதுவே. அந்த மக்களுக்கு மறைக்கல்வி சொல்லித்தரப் பின்யாட்டா கைகொடுத்தது. ஏழு முனைகள் ஏழு தலையான பாவங்கள், கண்கட்டு விசுவாசம், கோல் நற்பண்பு, மேலிருந்து கொட்டுவது இறையருள்.

அந்தக் காலத்தில் நடுவில் இருந்தது மண்பானை. அது உடையும் சத்தமே தனி. ஆனால் ஓடு பிள்ளைகள் தலையில் விழுமே! அதனால் நான் காகிதக் கூடுதான் செய்கிறேன்.

ஒரு கப் மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற நான்கு கப் தண்ணீரில் ஊற்றிக் கிளறினால் பசை தயார். நன்றாக ஆறட்டும், சூடாகத் தடவினால் பலூன் வெடித்துவிடும். பலூனை ஓரடி விட்டத்துக்கு ஊதுங்கள். செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கையால் கிழியுங்கள், கத்தரிக்கோல் வேண்டாம். கிழிந்த ஓரம்தான் படிந்து ஒட்டும். முடிச்சைச் சுற்றி உள்ளங்கை அளவு இடம் விட்டுவிடுங்கள், பிறகு உள்ளே நிரப்ப அதுதான் வழி. ஒரு சுற்று செய்தித்தாள், அடுத்த சுற்று பழுப்புத்தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினால், விட்டுப்போன இடம் பார்த்ததுமே தெரியும். ஒவ்வொரு சுற்றும் காய்ந்த பிறகே அடுத்தது.

எத்தனை சுற்று என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வரிசையில் நிற்கும் கடைசிப் பிள்ளைக்கும் ஓர் அடியாவது கிடைக்க வேண்டும். நண்டுசிண்டுகள் என்றால் மூன்று சுற்று, பத்து வயதுக்காரர்களுக்கு நான்கு, பெரியவர்களும் அடிப்பார்கள் என்றால் ஐந்து. இரண்டாம் சுற்று காய்ந்ததும் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக அடிவழியே சுற்றி மேலே முடிந்துவிட்டு, அதன்மேல் மிச்சத்தை ஒட்டுங்கள். பாரத்தைக் கயிறு தாங்கும், கூடு கிழியாது.

அப்புறம் பலூனைக் குத்தி எடுத்துவிடலாம். கெட்டி அட்டையில் ஏழு கூம்பு சுருட்டி, அடியில் சிறுசிறு வெட்டுப் போட்டு வெளிப்பக்கம் மடக்கி ஒட்டுங்கள்: சுற்றிலும் ஐந்து, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வண்ணத் தாளை நீளப் பட்டைகளாக நறுக்கி, ஒரு ஓரத்தைக் குஞ்சம்போல வெட்டி, கீழிருந்து மேலாக ஒட்டிக்கொண்டே போனால் பசைக் கோடு மறைந்துவிடும்.

உள்ளே ஓட்டோடு வேர்க்கடலை, ஆரஞ்சு, கரும்புத் துண்டு, தெகொகோத்தே என்னும் சின்ன மஞ்சள் பழம், தாள் சுற்றிய மிட்டாய். எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டாம்.

கயிற்றை இரண்டு மொட்டைமாடிகளுக்கு நடுவே கட்டி, ஒருவர் மேலே நின்று ஏற்றி இறக்குவார். அவர் விவரமானவராக இருந்தால் விளையாட்டு களைகட்டும். சின்னவர்கள் முதலில், கண்கட்டு இல்லாமல்; பெரியவர்களைக் கண்கட்டிச் சுற்றிவிட வேண்டும். கூட்டம் பாடும் பாட்டு முடிந்தால் முறையும் முடிந்தது. கோல் எட்டாத தூரத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, மற்றவர்களை அதற்கு வெளியே நிறுத்துங்கள்.

உடைந்த நொடியே எல்லோரும் பாய்வார்கள். அடித்த பிள்ளை கையிலிருந்து கோலைப் பிடுங்கிக்கொள்ள ஒரு பெரியவர் பக்கத்திலேயே நிற்கட்டும். பொறுக்குவதற்குப் பை கொடுத்தாலும் விவரம் தெரிந்த பிள்ளைகள் முதலில் பிய்ப்பது கூம்பைத்தான். பையைவிட அதில் நிறையக் கொள்ளும். ஒரு தட்டு மிட்டாயைத் தனியே எடுத்து வையுங்கள், கூட்டத்தில் ஒன்றும் கிடைக்காத குட்டிகளுக்கு.