கோபத்தில் எழுதும் மெயிலுக்கு முகவரி போடாதீர்கள்

டீமில் ஒருவர் சொதப்பிவிட்டார், உங்களுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கை பரபரக்கிறதா? சரி, தாராளமாக மெயில் அடியுங்கள். ஆனால் பெறுநர் இடம் காலியாகவே இருக்கட்டும். ரிப்ளை அழுத்தினால் முகவரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். புது மெயிலில் எழுதுங்கள்.

1863 ஜூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, அதிபர் ஆபிரகாம் லிங்கனும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார். கெட்டிஸ்பர்க் சண்டையில் வென்ற அவருடைய ஜெனரல் மீட், தோற்றுப் பின்வாங்கிய எதிரணித் தளபதி லீயின் படையை பொட்டோமாக் ஆற்றைத் தாண்டித் தப்பவிட்டார். லிங்கனுக்குத் தாங்கவில்லை. பொன்னான வாய்ப்பு போய்விட்டதே என்று மீடுக்கு நீண்ட கடிதம் எழுதினார். கையெழுத்திடவில்லை, அனுப்பவுமில்லை, உறையின் மேல் அப்படியே குறித்தும் வைத்தார். மீடோ, அதிபரின் அதிருப்தி காதுக்கு எட்டியதுமே பதவி விலக முன்வந்திருந்தவர். அந்தக் கடிதமும் கையில் கிடைத்திருந்தால்?

மறுநாள் காலை டிராஃப்டைத் திறந்து ‘எப்போதும்’, ‘ஒருநாளும்’, ‘பொறுப்பே இல்லை’ எல்லாவற்றையும் வெட்டுங்கள். என்ன நடந்தது, இனி என்ன வேண்டும் என்று இரண்டே வரி மிஞ்சும். அதற்கு மெயில் எதற்கு? தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். அப்புறம், “நேற்று எனக்குக் கோபம்தான்” என்பதை மறைக்க வேண்டாம். அது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.